வானம் பார்த்த பூமி வாழ வைத்த பூமியே!

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஒரு நாட்டின் செல்வத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களைப் பற்றியும், ஆறு பாயும் வயல்வெளிகளைப் பற்றியுமே பேசுகிறார்கள். காவிரி பாயும் தஞ்சையைப் புகழாத புலவர் இல்லை. ஆனால் மழை குறைந்த மண்ணில், பெரிய ஆறு எதுவும் எட்டிப் பாராத நிலையில், தம் கையை ஊன்றித் தாமே எழுந்து நின்ற சிற்றூர்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அத்தகைய ஊர்களில் ஒன்று நம் காங்கேயம். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும், "அப்பப்பா, என்ன வெயில்! வானம் பார்த்த பூமி ஆயிற்றே!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பெருமூச்சை நாங்கள் ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்பதையும், அதைவிட எங்களைக் கவலைப்படுத்துவது எது என்பதையும் இங்கே எழுதத் துணிந்தோம்.

மழை மறைவில் ஒரு மண்

எங்கள் புவியியல் பாடத்தில் 'மழை மறைவுப் பகுதி' என்று ஒரு சொல் வருகிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. ஆனால் அந்தச் சொல்லுக்குள்தான் நாம் குடியிருக்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து கொண்டுவரும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மேற்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்துக்கொள்கிறது. கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மலைக்கு இந்தப் பக்கம் நமக்கோ 600 மில்லிமீட்டரைச் சற்று முன்பின்னாகத் தொடும் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று தருவது. மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்ட காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை மற்ற ஊர்க்காரர்கள் வேடிக்கைக்குச் சொல்வார்கள். நமக்கு அது துணி காயப்போடும்போதெல்லாம் தெரிந்த உண்மை.

வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. இரண்டுக்கும் நடுவே மேட்டில் இருக்கிறது காங்கேயம். பாறையும் சரளைச் செம்மண்ணும் கலந்த நிலம். ஒரு காலத்தில் கோவை மாவட்டம், 1979 முதல் பின்னாளில் ஈரோடு என்று பெயர் மாறிய பெரியார் மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம் என்று நம் முகவரி மாறிக்கொண்டே வந்தது. மண் மட்டும் மாறவில்லை. பவானிசாகர் அணை 1955இல் முடிந்தபின் கீழ்பவானி வாய்க்கால் நத்தக்காடையூர், முத்தூர்ப் பக்கத்து நிலங்களை நனைத்தது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வெள்ளகோவில் கிளை வாய்க்கால் வேறு சில கிராமங்களைத் தொட்டது. ஆனால் அத்திட்டத்தில் நிலங்கள் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முறை வருகிறது. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்கு நீர் உரிமை. கடைமடையில் இருக்கும் நமக்கோ அது ஒரு நம்பிக்கை மட்டுமே.

வெயிலே மூலதனம்

இப்படிப்பட்ட நிலத்தில் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? இல்லாத தண்ணீரை எண்ணி அழுதுகொண்டிருக்காமல், இருக்கும் வெயிலை எண்ணிப் பார்த்தார்கள் என்பதே விடை.

தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். அந்த நீர் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்குக் குறைந்தால்தான் அது நல்ல கொப்பரை. அதற்கு ஐந்தாறு நாட்கள் தொடர்ந்து காய வேண்டும். கேரளத்தில் ஆனி, ஆடியில் மழை கொட்டும்போது கொப்பரை எங்கே காயும்? அதே மாதங்களில் நம் களங்களில் வெயிலும் காற்றும் போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்கின்றன. ஒரே பருவக்காற்று, அங்கே மழையாகவும் இங்கே உலர்த்தும் விசிறியாகவும் இருக்கிறது! அதனால்தான் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தேங்காய் லாரியில் ஏறி இங்கே வருகிறது. இங்கே உடைத்து, உலர்த்தி, ஆட்டிய எண்ணெய் கேரளத்துக்கும் மற்ற மாநிலங்களுக்கும் போகிறது. நெல் விளையாத ஊரில் அரிசி ஆலைகள் பெருகியதற்கும் இதே களமும் வெயிலும்தான் துணை. கோவை திருச்சி நெடுஞ்சாலையும், ஈரோடு தாராபுரம் சாலையும் நம் ஊரில் குறுக்கே வெட்டிக்கொள்வது அடுத்த துணை. ரயில் வராத ஊர் நம்முடையது. சாலையை வைத்தே சரக்கை வரவழைத்தார்கள் நம் பெரியவர்கள்.

இத்தொழிலிலும் சுகமே நிறைந்திருக்கிறது என்று சொல்ல மாட்டோம். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய வெள்ளை ஈ தென்னையை வாட்டியது. அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் பொய்த்தது. தென்னை மரங்கள் தலை கவிழ்ந்ததை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 2025இல் கொப்பரை விலை என்றும் இல்லாத உயரத்துக்கு ஏறியது. ஆனால் விளைச்சல் குறைந்ததால் ஏறிய விலை, விளைந்த காய் இல்லாதவனுக்கு என்ன பயன்?

ஊருக்கு ஒரு சரக்கு

நம்மைச் சுற்றியுள்ள ஊர்களைப் பாருங்கள். ஊத்துக்குளி என்றால் வெண்ணெய். சென்னிமலை என்றால் போர்வை. வெள்ளகோவில் என்றால் விசைத்தறியும் எண்ணெய் ஆலையும். மூலனூர் என்றால் முருங்கை. கன்னிவாடி என்றால் ஆட்டுச் சந்தை. திருப்பூர் என்றால் பனியன். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சரக்கு, ஒரு பெயர். ஆற்றுப் பாசன ஊர்களில் எல்லா ஊருக்கும் நெல்தான். ஒரே பயிரை நம்பி வாழ முடியாத நிலமாக இருந்ததால் நம்மவர்கள் மாட்டையும் ஆட்டையும் தறியையும் செக்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். வறட்சியே இவர்களைத் தொழிலாளிகளாகவும் வணிகர்களாகவும் ஆக்கியது என்றால் அது மிகையாகாது.

இது நேற்று வந்த பழக்கமும் அன்று. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், பாதி செய்து விட்ட கல்மணிகளும் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று சொல்லப்படும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. நமக்கு அருகில் இருக்கும் படியூர், கடல்நீல நிறக் கற்களுக்குப் பேர்போன இடம். மேலைக் கடற்கரையிலிருந்து கணவாய் வழியாகக் கருவூருக்குச் சென்ற பழைய பெருவழியில் இந்த ஊர்கள் இருந்தன. ரோம் நாட்டுப் பெண்கள் அணிந்த கற்களில் நம் பக்கத்துக் கல்லும் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது, "வறண்ட சீமை" என்ற சொல் எங்களுக்குச் சிரிப்பையே வரவழைக்கிறது.

கொரங்காடு

நம் ஊர்ப் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது காங்கேயம் காளை. பிறக்கும்போது செந்நிறம், ஆறு மாதத்தில் சாம்பல் நிறம், வளர்ந்த காளைக்குத் திமிலிலும் முன்னும் பின்னும் கருமை. ஆழக் கிணறுகளில் கவலை இறைத்து இந்த மேட்டு நிலத்தைப் பச்சையாக்கியவை இந்த மாடுகள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இவ்வினத்தைப் பேணி வளர்த்த வரலாறு யாவரும் அறிந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தைக்குத் தொலைதூரத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் சல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே எழுந்தபோது, நாட்டு மாடுகள் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வந்த பெயர்களில் காங்கேயமும் ஒன்று.

ஆனால் காளையைப் பாராட்டுகிறவர்கள் அது மேய்ந்த காட்டை மறந்துவிடுகிறார்கள். அதுதான் கொரங்காடு. கிளுவை நட்டு உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரங்கள். இது தரிசு நிலம் அன்று. ஒரு காட்டில் மேய்த்து, மறு காட்டை ஓயவிட்டு, மழை பெய்து புல் விதை உதிர்த்த பிறகே மாட்டை உள்ளே விடும் கணக்கு அது. புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகிறது. ஏர் பூட்டாமல், உரம் போடாமல், தண்ணீர் பாய்ச்சாமல் பலன் தரும் வயல் உலகில் வேறு எங்கே உண்டு? எங்கள் அப்பாருமாரும் அமுச்சிமாரும் பள்ளியில் புவியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் 600 மில்லிமீட்டர் மழைக்கு எந்தப் பயிர் ஏற்றது என்று கேட்டால், "புல்" என்று சரியான விடையை நிலத்திலேயே எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

புல்லை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலக வரலாற்றில் பாடம் உண்டு. அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் காலங்காலமாக இருந்த புல்லை உழுது கோதுமை விதைத்தார்கள். 1930களில் வறட்சி வந்தபோது, பிடித்து வைக்க வேர் இல்லாத மண் காற்றோடு எழுந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலே இருளாகும்படி புழுதிப் புயல் வீசியது. இலட்சக்கணக்கான மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். நம்மிடமும் காற்றுக்குக் குறைவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்று கொரங்காடுகள் குறைந்து வருவது கண்கூடு. கிளுவை வேலி பிடுங்கப்படுகிறது, கல் நடப்படுகிறது, வண்ணக் கொடி கட்டி 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்று பலகை வைக்கப்படுகிறது. நிலத்துக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. டிராக்டர் வந்தபின் காளைக்கு வேலை இல்லை. மின்மோட்டார் வந்தபின் கவலைக்கு வேலை இல்லை. காங்கேயம் பசு கலப்பினப் பசுவைப் போலக் குடம் குடமாகக் கறப்பதும் இல்லை. பத்து ஏக்கர் புல் தரும் வருமானம் ஒரு மனைக்கட்டின் விலைக்கு எந்த நாளும் ஈடாகாது. மகள் திருமணம், மருத்துவச் செலவு என்று வரும்போது ஒரு குடும்பம் எதைத்தான் செய்யும்? ஆயினும் ஒன்று மட்டும் கேட்கிறோம். விற்ற பணம் சில ஆண்டுகளில் தீரும். கல் நட்ட காடு மறுபடி புல்லாகுமா?

ஆற்றை இழந்த கதை

உடனடிப் பணத்துக்காகப் பின்னால் வருவதை மறந்தால் என்ன நேரும் என்பதை நொய்யல் நமக்குக் காட்டிவிட்டது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் உழவுக்கென்று 1992இல் அணை கட்டினார்கள். சாயக் கழிவு வந்து தேங்கி, அந்த அணைநீர் பயிருக்கும் ஆகாமல், மாட்டுக்கும் ஆகாமல் போயிற்று. கிணறுகளில் உப்பேறியது. உழவர்கள் பல்லாண்டு வழக்காடிய பின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகே கழிவுநீரை வெளியே ஒரு சொட்டும் விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை ஒழுங்காக நிலைபெறத் தொடங்கியது.

திருப்பூரின் பெருமையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரம் அது. நம் தோழியர் பலரின் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஊர்ச் சம்பளத்தில்தான். ஆனால் 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, எங்கோ எடுத்த முடிவால் இங்கே ஆர்டர்கள் நின்றன, ஷிப்டுகள் குறைந்தன. ஒரே மரத்தில் எல்லோரும் ஊஞ்சல் கட்டலாகாது என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

வேனில் ஏறும் வயது

இனி எங்கள் நெஞ்சில் உறுத்துவதைச் சொல்கிறோம். காலையில் நாங்கள் பள்ளிக்கு வரும் அதே சாலையில் பனியன் கம்பெனி வேன்களும் போகின்றன. அவற்றில் எங்கள் அம்மாக்கள் இருக்கிறார்கள், அக்காமார் இருக்கிறார்கள். உழைப்பில் இழிவு இல்லை. ஆனால் கீழ் வகுப்புகளில் எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த சிலரும் இன்று அந்த வேனில் இருக்கிறார்கள். கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரியாக இருந்த ஒருத்தி இப்போது பிசிறு வெட்டுகிறாள். வீட்டில் கடன், அப்பாவுக்கு உடல் நலமில்லை, தம்பிக்குப் பள்ளிக் கட்டணம். காரணங்கள் எல்லாம் உண்மையானவையே.

கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை. அபாயமில்லாத வேலைக்கு 14 வயது முடிந்தவர் போகலாம் என்கிறது 2016இல் திருத்தப்பட்ட சட்டம். எங்களுக்கு வயது 15. படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எங்களைக் கைவிட்டுவிட்ட வயது இது. அதனால்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு எங்களுக்கு வெறும் தேர்வு அன்று. இரண்டு சாலைகள் பிரியும் இடம். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிய 'சுமங்கலித் திட்டம்' நம் கொங்கு நாட்டு நூற்பாலைகளில் எத்தனை பெண்களின் படிப்பை விழுங்கியது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. கல்லூரி வாசலில் காத்திருக்கும் உதவி நல்லதே. ஆனால் அந்த வாசலுக்குப் போகும் வழியில், பதினொன்றிலும் பன்னிரண்டிலும், எங்களில் பலர் தவறிப்போகிறோமே!

கொரங்காட்டை மனையாக்குவதும், பதினைந்து வயதுப் பெண்ணை வேனில் ஏற்றுவதும் ஒரே கணக்குதான் என்பது எங்கள் கருத்து. இரண்டிலும் இன்று கையில் பணம் வருகிறது. இரண்டிலும் நாளை விளைய வேண்டியது விதை உதிர்க்கும் முன்பே மேய்ந்துவிடப்படுகிறது.

நாங்கள் கேட்பது

குறை சொல்வது எளிது என்று பெரியோர் சொல்லக்கூடும். ஆகவே மூன்றே வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, கொரங்காட்டைத் தரிசு என்று ஏட்டில் எழுதாமல், மேய்ச்சல் நிலம் என்று மதிக்க வேண்டும். நெல்லுக்கும் கரும்புக்கும் விலை நிர்ணயிக்கிற அரசு, புல்லைப் புல்லாகவே வைத்திருக்கும் உழவருக்கும் ஆண்டுதோறும் ஒரு சிறு ஊக்கத்தொகை தரலாம். மண்ணைக் காப்பதும் ஒரு விளைச்சலே.

இரண்டாவது, மழையை நம் களங்களிலேயே பிடிக்க வேண்டும். நாங்கள் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு ஏக்கர் சிமெண்டுக் களத்தில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஏறத்தாழ 24 இலட்சம் லிட்டர். பாதி வீணாகப் போனாலும் 12 இலட்சம் லிட்டர். நாளுக்கு 200 லிட்டர் செலவழிக்கும் வீடுகள் பதினாறுக்கு ஓர் ஆண்டுத் தேவை அது! எண்ணெய்க் களங்களும் அரிசி ஆலைக் களங்களும் நம் ஊரைச் சுற்றி எத்தனை ஏக்கர் என்று பெற்றோர்களே எண்ணிப் பாருங்கள். நீர் வழிந்தோடச் சரிவு ஏற்கெனவே இருக்கிறது. சரிவின் முடிவில் வடிகட்டும் தொட்டியும், வற்றிய கிணற்றுக்கு ஒரு குழாயும்தான் வேண்டும். வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டு நீர் தேடும் ஊர், தலைக்கு மேலே வருவதைச் சாக்கடையில் விடலாமா?

மூன்றாவது, எங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை விட்டு வையுங்கள். இதைப் பெற்றோரிடமும், ஆலை வைத்திருக்கும் பெரியவர்களிடமும் சேர்த்தே கேட்கிறோம். எண்ணெயின் தரத்தைச் சோதிக்க வேதியியல் படித்தவர் வேண்டும். ஏற்றுமதிக்குக் கணக்கும் மொழியும் தெரிந்தவர் வேண்டும். ஆலை எந்திரம் பழுது பார்க்கப் பாலிடெக்னிக் முடித்தவர் வேண்டும். மாட்டினத்தைக் காக்கக் கால்நடை மருத்துவர் வேண்டும். இந்த வேலைகளுக்கெல்லாம் இன்று வெளியூர் ஆட்களைத் தேடுகிறீர்கள். அந்த ஆட்கள் இந்தப் பள்ளியின் பெஞ்சுகளிலேயே உட்கார்ந்திருக்கிறோம். இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுத்தால் போதும்.

இத்தனை படித்தபின் எல்லோரும் ஊரை விட்டுப் போய்விடுவீர்களே என்று சிலர் கேட்பார்கள். சிலர் போகத்தான் செய்வோம். கேரளத்துக்குப் போன எண்ணெயும், கடல் கடந்த கல்லும் ஊர்ப் பெயரைக் கெடுக்கவில்லையே! ஆனால் போகிறவர்களும் விரும்பித் திரும்பி வரும்படி ஊர் இருக்க வேண்டும். புல் இருக்கும் காடும், உப்பில்லாத கிணறும், பெண்ணுக்குக் கூலி வேலைக்கு மேலும் ஒரு வேலை இருக்கும் கடைவீதியும் இருந்தால் யார்தான் திரும்பி வர மாட்டார்கள்?

மழையைக் கூட்ட நம்மால் ஆகாது. மலையை நகர்த்தவும் ஆகாது. இருப்பதைப் பார்த்து, அதற்கு ஏற்ற தொழிலைக் கண்டு, நாளைக்கென்று கொஞ்சம் ஓயவிட்டு வாழ்ந்தவர்களின் பேத்திகள் நாங்கள். அந்த அறிவு எங்களுக்கும் வேண்டும். அதைக் கற்க எங்களுக்குக் காலம் தாருங்கள் என்று பெற்றோரையும் பெரியோரையும் பணிவுடன் வேண்டுகிறோம்.